துப்பாக்கிகள் விடுப்பில் போன நாட்கள்

மருந்தும் ராஜதந்திரமும் – 9

பெரியம்மையை ஒழிக்க அமெரிக்காவும் சோவியத் யூனியனும் பனிப்போரின் நடுவிலேயே கைகோத்த கதையைச் சென்ற வாரம் பார்த்தோம். அது பெரிய வீட்டுப் பங்காளிகளின் சமாச்சாரம். தடுப்பு மருந்து தயாரிக்க ஆலை இருந்தது, அனுப்ப விமானம் இருந்தது, உட்கார்ந்து பேச ஜெனீவாவில் மேஜை இருந்தது. அந்த மேஜையே இல்லாத இடங்களில் என்ன நடந்தது என்பதுதான் இந்த வாரக் கதை.

ஒரே நாட்டுக்குள் அரசாங்கமும் கிளர்ச்சிக்காரர்களும் சுட்டுக்கொள்கிறார்கள். எதிரியோடு பேசினாலே அவனை அங்கீகரித்ததாகிவிடும் என்று அரசாங்கம் அஞ்சுகிறது. அரசாங்கத்தின் நர்ஸை ஊருக்குள் விட்டால் பின்னாலேயே ராணுவமும் வரும் என்று கிளர்ச்சிக்காரர்கள் அஞ்சுகிறார்கள். இரண்டு பயத்திலும் நியாயம் உண்டு. இரண்டு பேருக்கும் பிள்ளைகள் உண்டு என்பதும் உண்மை. 1985-ல் ஒரு மனிதர் இந்த இரண்டாவது உண்மையைப் பிடித்துக்கொண்டார்.

ஜேம்ஸ் கிராண்ட், அப்போதைய யுனிசெஃப் தலைவர். 1922-ல் பெய்ஜிங்கில் பிறந்தவர். அப்பா ஜான் பிளாக் கிராண்ட், ராக்ஃபெல்லர் அறக்கட்டளையின் ஆதரவில் நடந்த பீக்கிங் மருத்துவக் கல்லூரியில் பொதுச் சுகாதாரம் கற்பித்தவர். பிறகு கல்கத்தாவில் அகில இந்திய சுகாதார, பொதுநல நிலையத்தின் இயக்குநராக இருந்தார். சுதந்திரத்துக்கு முந்தின வருடம் வெளிவந்த சர் ஜோசப் போரே குழு அறிக்கைதான் நம் ஊர் ஆரம்ப சுகாதார நிலையங்களுக்கு அடித்தளம். அந்த அறிக்கையின் சிந்தனையில் பெரிய கிராண்ட்டின் தடம் உண்டு.

மகன் டாக்டர் ஆகவில்லை, வக்கீலுக்குப் படித்தார். 1980-ல் யுனிசெஃப் பொறுப்புக்கு வந்தார். சட்டைப் பையில் எப்போதும் ஓ.ஆர்.எஸ். பொட்டலம் ஒன்று இருக்கும். அதிபர்களின் விருந்தில் அதை எடுத்து மேஜையில் போடுவார். வயிற்றுப்போக்கில் குழந்தை சாகாமல் தடுக்க இது போதும், இதன் விலை ஒரு கோப்பை தேநீரின் விலைகூட இல்லை என்பார். அடுத்த கேள்வி, உங்கள் நாட்டில் எத்தனை சதவீதம் குழந்தைகளுக்குத் தடுப்பூசி போட்டிருக்கிறீர்கள் என்பது. பாதிப் பேருக்குப் பதில் தெரியாது. அடுத்த முறை அவர் வருவதற்குள் தெரிந்து வைத்திருப்பார்கள். ஐ.நா. அதிகாரிகளில் சிலருக்கு இந்த வியாபாரித்தனம் பிடிக்கவில்லை. அறிவியல் மாநாடுகளில் அவரைக் கிண்டலும் செய்தார்கள். ஆனால் காரியம் நடந்தது.

இனி எல் சல்வடோர். மத்திய அமெரிக்காவில் 21,000 சதுர கிலோமீட்டர் பரப்பு, அன்றைக்கு ஏறத்தாழ 50 லட்சம் மக்கள். காப்பித் தோட்டங்கள் கையளவு குடும்பங்களிடம். 1980 மார்ச்சில் ஆர்ச்பிஷப் ஆஸ்கர் ரொமேரோவைத் திருப்பலி நடத்திக்கொண்டிருக்கும்போதே சுட்டுக் கொன்றார்கள். அந்த ஆண்டிலேயே உள்நாட்டுப் போர் மூண்டது. ஒருபுறம் அமெரிக்கப் பணத்தில் நடந்த ராணுவம். மறுபுறம் எஃப்.எம்.எல்.என். என்ற கெரில்லாக் கூட்டணி. சலாத்தெனாங்கோ, மொரசான் மாவட்டங்களின் மலைக்கிராமங்கள் கெரில்லாக்களின் பிடியில் இருந்தன. 1981 டிசம்பரில் மொரசானின் எல் மொசோத்தே கிராமத்தில் ராணுவம் நூற்றுக்கணக்கானவர்களைக் கொன்று குவித்தது. செத்தவர்களில் ஏராளமானோர் குழந்தைகள். இதே ராணுவத்திடம் போய், குழந்தைகளுக்காக மூன்று நாள் சும்மா இருங்கள் என்று கேட்க வேண்டும்.

1984-ல் அதிபராகியிருந்தவர் ஹோசே நெப்போலியோன் துவார்த்தே. கிராண்ட் அவரிடம் வைத்த வாதம் ஒரு கணக்கு. உங்கள் போரில் செத்ததைவிட, ஊசி போட்டால் தடுத்திருக்கக்கூடிய நோய்களில் செத்த குழந்தைகள் அதிகம். துவார்த்தே முதலில் நடக்காத காரியம் என்றுதான் சொன்னார். நாட்டின் கணிசமான பகுதிக்குள் தன் ஆட்கள் நுழையவே முடியாது என்பதைக் கௌரவமாகச் சொல்லும் முறை அது. கெரில்லாக்களோடு நேரடியாகப் பேசவும் அவர் தயாராக இல்லை. ராணுவம் அவரை விடாது.

இங்கேதான் திருச்சபை நுழைந்தது. ரொமேரோவுக்குப் பிறகு ஆர்ச்பிஷப்பான அர்த்தூரோ ரிவேரா இ தாமாஸ் இரு தரப்பும் மதித்த மனிதர். மலையில் இருந்த குருக்கள் வழியாகச் செய்தி போனது, பதில் வந்தது. செஞ்சிலுவைச் சங்கம் போர்ப் பகுதிகளுக்குள் தான் போவதாக ஏற்றுக்கொண்டது. ஜெனீவா சாசனங்கள், அங்கீகாரம், கொடி, முத்திரை என்று ஒன்றையும் யாரும் பேசவில்லை. பேசியிருந்தால் அங்கேயே முடிந்திருக்கும். குறிப்பிட்ட நாட்களில் சுட மாட்டோம் என்பது மட்டும்தான் பேச்சு.

நாட்களைக் குறித்தார்கள்: 1985 பிப்ரவரி 3, மார்ச் 3, ஏப்ரல் 21. மூன்றும் ஞாயிறு. ஏன் மூன்று? முத்தடுப்பு ஊசிக்கும் போலியோ சொட்டு மருந்துக்கும் மூன்று தவணை வேண்டும், தவணைகளுக்கு நடுவே நான்கு வாரமாவது இடைவெளி வேண்டும். மார்ச் 31-ல் தேர்தல், ஏப்ரல் 7-ல் ஈஸ்டர் என்பதால் மூன்றாவது தவணை மட்டும் தள்ளிப் போனது. போரை நிறுத்தும் நாட்களைத் தளபதிகள் நிர்ணயிக்கவில்லை, தடுப்பூசி அட்டவணை நிர்ணயித்தது. போர்களின் வரலாற்றில் இது எனக்குத் தெரிந்து முதல் தடவை.

அந்த ஞாயிறுகளில் என்ன நடந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். தட்டம்மை மருந்தும் சொட்டு மருந்தும் சூடு பட்டால் வீணாகிவிடும். ஐஸ் வைத்த பெட்டியைத் தோளில் மாட்டிக்கொண்டு, ஐஸ் கரைவதற்குள் மலை ஏற வேண்டும். நேற்றுவரை கண்ணிவெடி புதைத்த பாதை. சோதனைச்சாவடியில் சிப்பாய் பெட்டியைத் திறந்து பார்க்கிறான். திறந்த ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் குளிர் போகிறது. அடுத்த வளைவில் கெரில்லா நிற்கிறான், அவனும் திறந்து பார்க்கிறான். ஊருக்குள் போனால் தாய்மார்கள் வரிசையில் நிற்கிறார்கள், அந்த வரிசையில் கெரில்லாவின் மனைவியும் சிப்பாயின் அக்காவும் இருக்கிறார்கள். ஆயிரக்கணக்கான சுகாதாரப் பணியாளர்களும் தொண்டர்களும் இதில் இறங்கினார்கள். ஏறத்தாழ இரண்டரை லட்சம் குழந்தைகளுக்குப் போலியோ, தட்டம்மை, தொண்டை அடைப்பான், கக்குவான் இருமல், ரண ஜன்னி ஆகியவற்றுக்கு எதிரான மருந்து போய்ச் சேர்ந்தது. திங்கட்கிழமை காலையில் மறுபடி சுடத் தொடங்கினார்கள்.

ஆமாம், மறுபடி சுடத் தொடங்கினார்கள். இந்தக் கதையைச் சொல்பவர்கள் பெரும்பாலும் இந்த வரியைச் சத்தம் குறைத்துச் சொல்வார்கள். அந்த ஆண்டு செப்டம்பரில் கெரில்லாக்கள் அதிபரின் மூத்த மகளையே கடத்திக்கொண்டு போனார்கள். அக்டோபரில் அவர் விடுதலையானபோது நடந்த பண்டமாற்றில் அரசியல் கைதிகள் விடுவிக்கப்பட்டார்கள். காயம்பட்ட சுமார் நூறு கெரில்லாக்கள் சிகிச்சைக்காக வெளிநாடு போக வழி விடப்பட்டது. அந்தப் பேச்சிலும் நடுவில் நின்றது ஆர்ச்பிஷப் ரிவேராதான். ஊசிக்காகத் திறந்த கதவைப் பிறகு வேறு காரியங்களுக்கும் பயன்படுத்திக்கொள்ள முடிந்தது. தடுப்பூசி ஞாயிறுகளும் போர் முடியும்வரை ஆண்டுதோறும் தொடர்ந்தன.

இதைவைத்து, ஊசிதான் எல் சல்வடோருக்குச் சமாதானம் கொண்டுவந்தது என்று எழுதுகிறவர்கள் உண்டு. அமெரிக்கக் கண்ட நாடுகளின் சுகாதார அமைப்பு, 1984-லேயே மத்திய அமெரிக்காவுக்கென்று ஒரு திட்டம் தீட்டி, ஆரோக்கியம் சமாதானத்துக்குப் பாலம் என்று அதற்குக் கோஷமும் வைத்திருந்தது. கோஷம் அழகு. ஆனால் 1992 ஜனவரியில் மெக்ஸிகோவின் சப்புல்தெபெக் கோட்டையில் ஒப்பந்தம் கையெழுத்தானதற்குக் காரணங்கள் வேறு. 1989-ல் கெரில்லாக்கள் தலைநகருக்குள்ளேயே புகுந்து தாக்கியும் வெல்ல முடியவில்லை. ராணுவத்தாலும் அவர்களை ஒழிக்க முடியவில்லை. அதே ஆண்டு நவம்பரில் ஆறு ஏசு சபைக் குருக்களை ராணுவம் கொன்றதில் வாஷிங்டனே முகம் சுளித்தது. பனிப்போர் முடிந்து இரு பக்கமும் படியளக்க ஆள் குறைந்தது. பன்னிரண்டு ஆண்டுப் போரில் செத்தவர்கள் ஏறத்தாழ 75,000 பேர். ஊசி அந்தப் போரை ஒரு நாள்கூடக் குறைக்கவில்லை. இரண்டரை லட்சம் குழந்தைகளைத் தட்டம்மையிலிருந்து காத்தது. அது சின்னக் காரியமா? சமாதானம் வாங்கித் தந்தால்தான் ஊசிக்கு மதிப்பு என்று நினைப்பது ராஜதந்திரிகளின் வியாதி.

இரு தரப்பும் ஏன் ஒப்புக்கொண்டார்கள் என்பதுதான் எனக்கு முக்கியமான கேள்வி. திடீரென்று மனம் இளகியா? இல்லை. துவார்த்தேவுக்கு, நாடு முழுவதற்கும் நான்தான் அதிபர், மலையில் இருக்கும் குழந்தைக்கும் நான்தான் மருந்து கொடுக்கிறேன் என்று காட்டிக்கொள்ள ஒரு வாய்ப்பு. கெரில்லாக்களுக்கு, இந்த மலை எங்கள் கையில் இருக்கிறது, எங்கள் சம்மதம் இல்லாமல் இங்கே ஊசிகூட நுழையாது என்று உலகத்துக்குக் காட்ட ஒரு வாய்ப்பு. ஒரே ஞாயிற்றுக்கிழமையை இரண்டு பேரும் தங்கள் வெற்றியாகச் சொல்லிக்கொள்ள முடிந்தது. கிராண்ட் அதற்கு இடம் விட்டார். அவருடைய திறமை அங்கேதான் இருக்கிறது.

அதன்பின் இந்த உத்தி ஊர் ஊராகப் போனது. 1987-ல் லெபனான். 1989-ல் சூடானில் ஐ.நா.வின் சார்பில் கிராண்ட்டே பேசி, இரு தரப்புப் பகுதிகளுக்கும் உணவும் மருந்தும் போகும் பாதைகளைத் திறந்தார். இலங்கையிலும் 1990களின் நடுவிலிருந்து அமைதி நாட்கள் அறிவித்து, அரசுப் பகுதியிலும் புலிகள் பகுதியிலும் ஒரே சமயத்தில் போலியோ சொட்டு மருந்து கொடுத்தார்கள். வடக்கே பொருளாதாரத் தடை; மருந்து லாரி ஒன்று தாண்டிக்குளம் சோதனைச்சாவடியைத் தாண்டுவதற்கே கடிதம்மேல் கடிதம் எழுத வேண்டிய காலம். அந்தக் காலத்தில் சொட்டு மருந்துப் பெட்டிக்கு மட்டும் இரண்டு பக்கமும் வழி விட்டார்கள். இலங்கையின் கடைசிப் போலியோ நோயாளி பதிவானது 1993-ல். போர் அதன்பின் 16 ஆண்டுகள் நடந்தும் போலியோ திரும்பவில்லை. அதே வடக்கில், வன்னியில், 2009-ன் தொடக்க வாரங்களில் புதுக்குடியிருப்பு ஆஸ்பத்திரிமீதே குண்டுகள் விழுந்தன. செஞ்சிலுவைச் சங்கம் அதை வெளிப்படையாக அறிவித்தும் நிற்கவில்லை. ஒரு தரப்பு முழு வெற்றியை மோப்பம் பிடித்துவிட்டால் மருந்துப் பெட்டிக்கு மரியாதை போய்விடுகிறது. அப்போது பேரம் பேச அவர்களுக்கு அவசியமில்லை.

மறுபடி சூடானுக்குப் போவோம். கிராண்ட் 1995 ஜனவரி 28-ல் புற்றுநோயில் இறந்தார். இரண்டு மாதம் கழித்து, அவர் வழியில் இன்னொருவர் கார்ட்டூமில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தார்: அமெரிக்க முன்னாள் அதிபர் ஜிம்மி கார்ட்டர். பேச்சின் விஷயம் ஒரு புழு.

நரம்புச் சிலந்தி என்றால் நம் பெரியவர்களுக்குத் தெரியும். குளத்துத் தண்ணீரிலும் படிக்கிணற்றுத் தண்ணீரிலும் சைக்ளாப்ஸ் என்ற கண்ணுக்கு எளிதில் தெரியாத நீர்த்தெள்ளு இருக்கும். புழுவின் இளம் உயிர் அதற்குள் இருக்கும். அந்தத் தண்ணீரைக் குடித்தால் ஒன்றும் தெரியாது. ஒரு வருடம் கழித்து, பெரும்பாலும் காலில், கொப்புளம் கிளம்பும். நெருப்பாக எரியும். கொப்புளம் உடைந்து வெள்ளை நூல்போலப் புழு தலை நீட்டும். இரண்டு, மூன்று அடி நீளம். இழுத்தால் அறுந்துவிடும், அறுந்தால் சீழ் பிடிக்கும். அதனால் ஒரு குச்சியில் சுற்றிச் சுற்றி, நாளுக்குச் சில அங்குலமாக, வாரக்கணக்கில் எடுக்க வேண்டும். எரிச்சல் தாங்காமல் காலைத் தண்ணீரில் வைத்தால் புழு லட்சக்கணக்கில் குஞ்சுகளை விடும், அந்தக் குளம் அடுத்த வருடத்துக்குத் தயார். தடுப்பூசி கிடையாது. கொல்லும் மருந்தும் கிடையாது. குடிக்கும் தண்ணீரைத் துணியில் வடிகட்டுவதும், புழு வந்த காலைத் தண்ணீரில் வைக்காமல் பார்த்துக்கொள்வதும், குளத்தில் டெமிஃபாஸ் மருந்து ஊற்றுவதும்தான் வழி.

1986-ல் உலகில் ஆண்டுக்குச் சுமார் 35 லட்சம் பேருக்கு இந்த நோய் இருந்ததாக மதிப்பிட்டார்கள். இந்தியாவில் ஒரு காலத்தில் ஏழு மாநிலங்களில் இருந்தது. அந்தப் பட்டியலில் தமிழ்நாடும் உண்டு. மற்ற ஆறு மாநிலங்களுக்கு முன்பே நோய் நீங்கியதும் இங்கேதான். இந்தியாவின் கடைசி நோயாளி 1996-ல் ராஜஸ்தானில்.

பதவி இழந்த கார்ட்டர் இந்தப் புழுவைத் தன் சொந்தப் பகையாக எடுத்துக்கொண்டார். முதலில் கைவைத்தது பாகிஸ்தானில். அங்கே ஆட்சியில் இருந்தவர் ஜியா உல் ஹக். 1980-ல் கார்ட்டர் கொடுக்க வந்த 40 கோடி டாலர் உதவியை வெறும் வேர்க்கடலை என்று கேலி செய்து ஒதுக்கியவர். கார்ட்டரோ வேர்க்கடலை விவசாயி. அவமானத்தை விழுங்கிக்கொண்டு போனார். செலவுக்குப் பணம் தந்தவர் பி.சி.சி.ஐ. வங்கியின் ஆகா ஹசன் அபேதி. அந்த வங்கி 1991-ல் மாபெரும் மோசடியில் இழுத்து மூடப்பட்டது. சர்வாதிகாரியின் சம்மதம், மோசடி வங்கியின் பணம். பாகிஸ்தானில் கடைசி நோயாளி 1993-ல் வந்தார், அதன்பின் யாரும் இல்லை. சுத்தமான கைகளோடு மட்டும்தான் கைகுலுக்குவேன் என்று கார்ட்டர் நின்றிருந்தால் புழு இன்னும் சில காலம் இருந்திருக்கும்.

ஆப்பிரிக்காவில் அவர் பிடித்த ஆட்களும் அப்படித்தான். மாலியில் ஜெனரல் அமதூ துமானி தூரே. நைஜீரியாவில் யாகுபு கோவோன், பியாஃப்ரா போரை நடத்திய ஜெனரல். கோவோன் 1990களின் இறுதியில், தான் ஒரு காலத்தில் எதிர்த்துப் போரிட்ட கிழக்குப் பகுதியின் கிராமங்களுக்குப் போய் நின்றார். கிணறு வெட்டித் தருவதாகச் சொன்ன உள்ளூர் அதிகாரிகளைத் துரத்தித் துரத்தி வெட்ட வைத்தார். ஓய்வுபெற்ற ஜெனரல்களுக்கு இதைவிட நல்ல வேலை கிடையாது.

சூடான் எல்லாவற்றையும்விடக் கடினம். 1983-லிருந்து தெற்கே போர். கார்ட்டூமில் ஓமர் அல் பஷீர், 1989-ல் ஆட்சியைப் பிடித்த ராணுவ அதிகாரி. அமெரிக்கா 1993-ல் சூடானைப் பயங்கரவாதத்துக்கு உதவும் நாடுகளின் பட்டியலில் சேர்த்துவிட்டது. ஒசாமா பின் லாடன் அப்போது குடியிருந்ததே கார்ட்டூமில்தான். தெற்கே ஜான் கராங்கின் படை. அதிலிருந்து பிரிந்த ரியேக் மச்சாரின் படை. இரண்டும் தங்களுக்குள்ளும் மோதிக்கொண்டன. நரம்புச் சிலந்தி மிச்சமிருந்த கிராமங்களில் பெரும்பங்கு இந்தத் தெற்குப் பகுதியில்.

1995 மார்ச் இறுதியில் பஷீர் இரண்டு மாதப் போர்நிறுத்தத்துக்கு ஒப்புக்கொண்டார். அடுத்த சில நாட்களில் தெற்கத்திப் படைகளும் ஒப்புக்கொண்டன. பிறகு நீட்டித்தார்கள், ஏறத்தாழ ஆறு மாதம் அது ஒப்பேறியது. ஊடகங்கள் அதற்குப் புழுவின் பெயரையே வைத்தன. மீறல்கள் இல்லாமல் இல்லை. நீ படையை நகர்த்துகிறாய், நீ ஆயுதம் சேர்க்கிறாய் என்று ஒருவரை ஒருவர் குற்றம் சொல்லிக்கொண்டேதான் இருந்தார்கள். அதற்கு நடுவே இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட துணி வடிகட்டிகள் வீடுகளுக்குப் போய்ச் சேர்ந்தன. பானையின் வாயில் கட்டும் மெல்லிய நைலான் துணி, அவ்வளவுதான். சுமார் 41,000 குழந்தைகளுக்குத் தட்டம்மை ஊசி, 35,000 பேருக்குப் போலியோ சொட்டு மருந்து. கருப்பு ஈ கடித்துக் கண்ணைப் பறிக்கும் ஆற்றுக் குருடு நோய்க்கு ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களுக்கு ஐவர்மெக்டின் மாத்திரை.

ஆனால் அடுத்த ஆண்டுக் கணக்கைப் பாருங்கள். 1996-ல் சூடானில் பதிவான நரம்புச் சிலந்தி நோயாளிகள் 1,18,578 பேர். முந்தைய ஆண்டைவிட ஏறத்தாழ இரண்டு மடங்கு. உலகில் இருந்த நோயாளிகளில் நான்கில் மூன்று பங்குக்கும் மேல் இந்த ஒரு நாட்டில். திட்டம் தோற்றதா? அதுவரை அந்த ஊர்களுக்குள் எண்ணுவதற்கே ஆள் போனதில்லை. போர்நிறுத்தத்தில்தான் போய் எண்ணினார்கள்.

எல் சல்வடோருக்கும் சூடானுக்கும் உள்ள வித்தியாசம் இங்கேதான் வெளிப்படுகிறது. இதை இத்துறையைப் பற்றிப் பேசுகிறவர்கள் போதுமான அளவு கவனிப்பதில்லை என்பது என் எண்ணம். தட்டம்மைக்கு ஒரு குத்தே பெரும்பாலான குழந்தைகளுக்குப் போதும். சுகாதாரப் பணியாளர் ஒரு ஞாயிறு ஊருக்குள் போய்த் திரும்பிவிட்டால் அந்த மருந்து குழந்தையின் உடம்புக்குள் ஆயுள் முழுவதும் வேலை பார்க்கும். புழுவுக்கு அது செல்லாது. கிழிந்த துணியை மாற்றிக் கொடுக்க ஆள் வேண்டும். குளத்துக்கு மாதாமாதம் மருந்து ஊற்ற வேண்டும். கொப்புளம் கிளம்பிய அன்றே அந்த ஆளைக் கண்டுபிடித்து, கட்டுப் போட்டு, தண்ணீர்ப் பக்கம் போகாமல் காவல் இருக்க வேண்டும். புழுவின் சுற்று ஒரு வருடம். ஆறு மாதச் சமாதானம் அதில் பாதிதான். எவ்வளவு நாள் துப்பாக்கியை இறக்கி வைக்க வேண்டும் என்பதை நோய்தான் முடிவு செய்கிறது. அதைத் தெரிந்துகொள்ளாமல் நாள் குறிக்கும் தூதர் தோற்றுத்தான் போவார்.

தெற்கு சூடானில் புழு உண்மையில் பணிந்தது 2005 ஜனவரியில் போர் முடிந்த பிறகுதான். ஊர் ஊராகத் தொண்டர்களை அமர்த்தினார்கள். மாடு மேய்க்கப் போகிறவர்கள் கழுத்தில் தொங்கவிட்டுக்கொண்டு, போகிற இடத்தில் உறிஞ்சிக் குடிக்கக் குழாய் வடிகட்டிகள் கொடுத்தார்கள். 2006-ல் 20,581 நோயாளிகள். 2017-ல் ஒருவர்கூட இல்லை. பிறகு விட்டுவிட்டுச் சிலர். இத்தனைக்கும் 2013-ல் அங்கே மறுபடி உள்நாட்டுப் போர் மூண்டது. ஆனால் அதற்குள் ஊர்த் தொண்டர்கள் ஊரிலேயே இருந்தார்கள். வெளியிலிருந்து வந்தவர்கள் விமானம் ஏறினாலும் அவர்கள் போகவில்லை.

1995-க்குக் கார்ட்டர் கொடுத்த விலை என்ன? பஷீரின் பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொண்டார். அதே பஷீர்மீது 2009-ல் தார்ஃபூர் கொடுமைகளுக்காகச் சர்வதேசக் குற்றவியல் நீதிமன்றம் கைது ஆணை பிறப்பித்தது. கொடுங்கோலர்களுக்குக் கார்ட்டர் மரியாதை தேடிக் கொடுத்தார் என்ற விமர்சனம் அன்றும் இருந்தது, இன்றும் இருக்கிறது. அதில் உண்மை இல்லாமல் இல்லை. என் கணக்கில் 41,000 தட்டம்மை ஊசிகள் அந்தப் புகைப்படத்தைவிடக் கனமானவை.

இந்த மாதிரி ஏற்பாடுகளுக்கெல்லாம் ஒரே முதல்தான் உண்டு. ஊசிப் பெட்டியோடு வருகிறவர் ஊசி போட மட்டும்தான் வருகிறார் என்று எதிரியும் நம்ப வேண்டும். அந்த முதலை ஒரே வீச்சில் செலவழித்த கதையும் இருக்கிறது. 2011-ல் பாகிஸ்தானின் அபோட்டாபாதில் பின் லாடன் ஒளிந்திருக்கிறாரா என்று உறுதிசெய்ய, வீட்டிலுள்ள குழந்தைகளின் மரபணு மாதிரி எடுக்கும் நோக்கத்தில், அமெரிக்க உளவுத்துறை சி.ஐ.ஏ. ஒரு பாகிஸ்தானிய டாக்டரை வைத்துக் கல்லீரல் அழற்சித் தடுப்பூசி முகாம் ஒன்றை நடத்தியது. மாதிரி கிடைத்ததாகத் தெரியவில்லை. விஷயம் ஜூலையில் பத்திரிகையில் வெளிவந்தது. சொட்டு மருந்துக்காரர்கள் உளவாளிகள் என்று மலைப்பகுதி முல்லாக்கள் சிலர் ஏற்கெனவே பரப்பிக்கொண்டிருந்த வதந்தி, ஒரே நாளில் நிரூபிக்கப்பட்ட உண்மையாகிவிட்டது. 2012 ஜூனில் வடக்கு வஜிரிஸ்தானின் தாலிபான் தளபதி, அமெரிக்க ட்ரோன் தாக்குதல் நிற்கும்வரை போலியோ மருந்து கூடாது என்று தடை விதித்தார். டிசம்பரில் கராச்சியிலும் பெஷாவர் பகுதியிலும் சொட்டு மருந்து கொடுக்கப் போனவர்களைத் தேடித் தேடிச் சுட்டார்கள். செத்தவர்களில் பெரும்பாலோர் பெண்கள், சொற்ப தினக்கூலிக்கு வீடு வீடாகப் போனவர்கள். 2014-ல் பாகிஸ்தானில் போலியோ நோயாளிகள் 306 பேர்.

தடுப்பூசித் திட்டங்களை இனி உளவுக்குப் பயன்படுத்த மாட்டோம் என்று வெள்ளை மாளிகை 2014 மே மாதத்தில் எழுதிக் கொடுத்தது. பொதுச் சுகாதாரக் கல்லூரிகளின் முதல்வர்கள் கண்டித்து எழுதிய கடிதத்துக்கு ஓராண்டுக்கும் மேல் கழித்து வந்த பதில் அது. கராச்சித் தெருவில் சொட்டு மருந்துப் பெட்டியோடு போகிற பெண்ணுக்கு அந்தக் கடிதத்தால் ஒரு பயனும் இல்லை. இன்றும் அவருக்குத் துப்பாக்கியோடு போலீஸ்காரர் துணை போகிறார். எல் சல்வடோரில் துப்பாக்கியை இறக்கி வைத்துவிட்டு ஊசி போட்டார்கள். இங்கே துப்பாக்கி இல்லாமல் ஊசி வெளியே கிளம்ப முடியவில்லை.

கார்ட்டர் தனக்கு முன்னால் கடைசிப் புழு செத்துவிட வேண்டும் என்று ஆசைப்பட்டார். 2024 டிசம்பர் 29-ல் நூறு வயதில் இறந்தார். அந்த ஆண்டு உலகில் நரம்புச் சிலந்தி கண்டவர்கள் 15 பேர், சாடிலும் தெற்கு சூடானிலும். பெரிய தலைவலி இப்போது மனிதர்கள் அல்ல, நாய்கள். புழு அவற்றுக்குள் குடியேறிவிட்டது; நாயோடு எந்த ஆர்ச்பிஷப்பும் பேச முடியாது. கட்டிப் போட்டு வைப்பவர்களுக்குப் பரிசு கொடுத்துப் பார்க்கிறார்கள்.

அடுத்த வாரம் கியூபா. 1963-ல், தன் நாட்டு டாக்டர்களில் பாதிப் பேர் மயாமிக்குப் போய்விட்ட நேரத்தில், மிச்சமிருந்தவர்களில் ஒரு குழுவை ஃபிடல் காஸ்ட்ரோ அல்ஜீரியாவுக்கு ஏன் அனுப்பினார் என்பதைப் பார்ப்போம். அதற்கு முன் ஒரு வேண்டுகோள்: உங்கள் ஊரில் நரம்புச் சிலந்தியைக் கண்ணால் பார்த்த பெரியவர்கள், அதற்காகக் குளத்துக்கு மருந்து ஊற்றப் போன சுகாதார ஆய்வாளர்கள் யாராவது இருந்தால், கேட்டு எழுதி அனுப்புங்கள். தமிழ்நாட்டில் அந்தப் புழு ஒழிந்த கதையை யாரும் இன்னும் முழுதாக எழுதவில்லை.

(தொடரும்)